சங்கு ஊதினா ஊதட்டும்

தங்கச்சி, இந்தப் பையைக் கீழ வைக்காம நமக்கு நடுவுல சீட்டுலயே வைச்சுக்கட்டுமா? கனமே இல்ல. உள்ள ஒரு வேட்டி சட்டை, கொஞ்சம் பஞ்சு, அப்புறம் ஒரு வலைப் பை. அவ்வளவுதான். கீழ வைச்சா யாராவது மிதிச்சிருவாங்க. அந்த வலைப் பையில அழுக்குப் பட்டா நான் போற காரியமே கெட்டுப் போகும்.

நான் ஆண்டிபட்டி தாண்டி எறங்கணும். மாந்தோப்பு ஸ்டாப்புன்னு கேட்டா நிப்பாட்டுவாங்களாம். எங்க வீட்டுக்காரரு அங்கதான் காவலுக்கு இருக்காரு. ரெண்டு மாசமாச்சு. கூட்டிட்டு வரத்தான் போறேன். புதன்கிழமை எங்க மக சுகந்திக்கு நிச்சயம். சங்கரன்கோவில் மாப்பிள்ளை. ஒன்பதுல இருந்து பத்துக்குள்ள நிச்சய ஓலை வாசிக்கணும். வாசிச்சு முடிச்சதும் பொண்ணோட அப்பா வாய்விட்டு 'சம்மதம்'னு சொல்லணும். எங்கள்ல அப்படித்தான். அம்மா சொன்னாச் செல்லாது, மாமன் சொன்னாச் செல்லாது. அப்பன் உசுரோட இருந்தா அப்பன்தான் சொல்லணும். அவரு வரலைன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. போகாட்டியும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

எதுக்கு வீட்டை விட்டுப் போனாருன்னு கேட்டாச் சிரிப்பீங்க. சங்குச் சத்தத்துக்குப் பயந்து போயிட்டாரு. கோயில் சங்கு இல்ல, சாவு வீட்டுச் சங்கும் இல்ல. மில் சங்கு. நீங்க ராஜபாளையத்துல இருந்துதானே ஏறுனீங்க, கேட்டிருப்பீங்க. ஷிப்டு மாறும்போது ஊதுவான். காலையில ஏழு, ஜெனரல் ஷிப்டுக்கு ஒன்பது, மத்தியானம் மூணு, ராத்திரி பதினொண்ணு. எங்க வீடு மில் கேட்டுக்கு நேர் எதுத்தாப்புல. நான் ஆறாம் வகுப்போட படிப்பை நிப்பாட்டிட்டு அந்த மில்லுக்குள்ள போனவ. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிப்பேன், சோறு பொங்குவேன், சுகந்திக்குப் பால் குடுத்ததுகூட அந்தச் சங்கு நேரம் பாத்துத்தான். அது எனக்குத் தாலாட்டு மாதிரி. அவருக்கு ஆகலையாம்.

ஊதுன உடனே எங்க நின்னாலும் குப்புற விழுந்துருவாரு. டீக்கடை வாசல்ல, ரேஷன் கடை வரிசையில, எங்கயும். ரெண்டு கையையும் கோத்துப் பெடரியில வைச்சுக்கிட்டு, மொகத்தை மண்ணுல பொதைச்சுக்கிட்டு. சத்தம் நின்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எந்திரிப்பாரு. டீக்கடைக்காரன் இருக்கானே, "குருவையா அண்ணே, சங்கு நின்னுருச்சு, எந்திரிங்க, டீ ஆறுது"ன்னு கூப்புடுவான். எல்லாரும் சிரிப்பாங்க. 'சங்கு'ன்னே பட்டப்பேரு வைச்சுட்டாங்க. நான் மில்லுல இருந்து வரும்போது "சங்கு பொண்டாட்டி போறா"ன்னு காது கேக்கச் சொல்றாங்க. ஒரு பொம்பளை எத்தனைதான் தாங்குவா, சொல்லுங்க.

இல்ல, முன்னாடி அப்படி இல்ல. நல்லாத்தான் இருந்தாரு. பேண்டேஜ் துணிக்குப் பிளீச்சிங் போடுற பட்டறையில வேலை. சத்திரப்பட்டியில. மருந்துத் தண்ணியில முக்கி, அலசி, காயப்போட்டு, வெள்ளை வெளேர்னு கொண்டு வருவாங்கல்ல, அந்த வேலை. கையெல்லாம் வெந்து போயிருக்கும். அப்பத்தான் ஒரு ஏஜெண்டு வந்து துபாய்ல பெரிய ஓட்டல் இருக்கு, துணி துவைக்கிற மிசின் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாப் போதும்னான். எனக்கு அதுலயே மனசு ஒப்பல. எங்க வகையில யாரும் அடுத்தவங்க துணி துவைச்சதில்ல. தெருவுல 'சூப்பர்வைசர்'னு சொல்லிக்கிட்டேன்.

துபாய்ல எறங்கி நாலே நாள். ஒரு ராணுவ விமானத்துல ஏத்தி வேற எங்கயோ கொண்டு போய் எறக்கிட்டாங்க. அமெரிக்காக்காரன் பட்டாளம் தங்கியிருந்த எடம். பத்து நாள் கழிச்சுப் போன் பண்ணுனாரு. "எந்த ஊருங்க?"ன்னேன். "கந்தகார்"ன்னாரு.

எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? கந்தன் பேரு இருக்கிற ஊருன்னு நெனைச்சேன். அங்கயும் நம்ம ஆளுங்க கோயில் கட்டியிருப்பாங்க, அதான் அந்தப் பேருன்னு நெனைச்சேன். "முருகன் இருக்காரு, ஒண்ணும் ஆகாது. கோயில் பக்கமா தூரமா?"ன்னு கேட்டேன். அவரு, "பக்கந்தான் பேச்சி"ன்னாரு. பாத்தீங்களா, அன்னிக்கே பொய்யி. நான் அதை நம்பி ஆறு கிருத்திகைக்கு வெரதம் இருந்தேன்.

அங்க சண்டை நடக்குதுன்னு எனக்குச் சொன்னது எங்க அண்ணன். தர்மருன்னு பேரு. மில்லுல செங்கொடிச் சங்கத்துல இருக்காரு. பேப்பரை ஒரு எழுத்து விடாமப் படிக்கிற ஆளு. ஏஜெண்டு ஆளுக எவனோ உளறி அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நேரா வீட்டுக்கு வந்தாரு. செருப்பைக்கூடக் கழட்டல.

"ஏ பேச்சி, ஒம் புருசன் எங்க இருக்கான்னு தெரியுமா? ஏழை நாட்டுல போயி ஏழு வருசமா, எட்டு வருசமா குண்டு போட்டுக்கிட்டிருக்கான் அமெரிக்காக்காரன். அவன் ரத்தத் துணியைத் தொவைச்சுக் காயப்போட்டுக்கிட்டிருக்காரு மாப்பிள்ளை. அந்தச் சோறு ஒனக்கு எறங்குதா?"

"அண்ணே, அவரு சூப்பர்வைசரு."

"ரத்தத்துக்கு எதுக்குடி சூப்பர்வைசரு?"

அண்ணன் போய் டீக்கடையில உக்காந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அதுல இருந்து எங்க தெருவே ரெண்டாப் போச்சு. பெரிய கட்டடத்துல விமானத்தை விட்டு அத்தனை பேரைக் கொன்னாங்கல்ல, அப்ப அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா, அடிக்கத்தான் செய்வான்னு ஒரு கட்சி. அடிச்சவன் எவனோ, அடி வாங்குறவன் எவனோ, அங்கன ஆடு மேய்க்கிறவன் என்ன பண்ணுனான்னு அண்ணன் கட்சி. டீக்கடையில கிளாஸு ஒடைஞ்சிருக்கு. எங்க கூட மில்லுல வேலை பாக்குற மைதீன்பாத்து, பதினெட்டு வருசமா என்கூட உக்காந்து கொழம்பு மாத்திச் சாப்பிட்டவ, ஒரு நாள் தன் தூக்குவாளியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமா போய் உக்காந்துட்டா. அதான் வலிச்சது. நான் எந்தக் கட்சி? எங்க வீட்டு ஆளு முழுசாத் திரும்பி வரணும்கிற கட்சி. அதுல நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஜன்னலைக் கொஞ்சம் எறக்குங்க. காத்து பைமேல தூசியா அடிக்குது. போதும், போதும்.

போன்லதான் குடும்பம் நடத்துனோம் நாலு வருசம். மூணு மணி ஷிப்டு விட்டு நான் வீட்டுக்கு வந்ததும் கூப்புடுவாரு. என்ன பேசுவாருங்கிறீங்க? துணி. ஒவ்வொரு பட்டாளத்தானும் தன் துணியை ஒரு வலைப் பையில போட்டுக் கொண்டாந்து குடுப்பானாம். பையோட அப்படியே மிசின்ல போட்டுத் தொவைப்பாங்களாம், கலந்துறாம இருக்க. சீட்டு எழுதிக் குடுப்பாங்க, மூணு நாள்ல வந்து வாங்கிக்கணும். "இன்னிக்கு எப்படி?"ன்னு கேட்டா, "ரெண்டு பை நிக்குது பேச்சி"ம்பாரு. இன்னொரு நாளு "அஞ்சு பை நிக்குது"ம்பாரு. கொரலே இருக்காது.

நான் என்ன நெனைச்சேன்? வேலை மந்தம்னு நெனைச்சேன். "வாங்க ஆள் வரலைன்னா நீங்களே கொண்டு போய்க் குடுத்துற வேண்டியதுதானே, எதுக்கு அடுக்கி வைச்சுக்கிட்டு வருத்தப்படுறீங்க?"ன்னு திட்டுவேன். "குடுக்கலாம்"ம்பாரு. "எங்க கொண்டு போய்க் குடுக்க?"ம்பாரு. எனக்கு எரிச்சலா வரும். நேராச் சொல்லணும்ல? செத்துப் போயிட்டாங்கன்னு சொல்லணும்ல? நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?

ஒரு பொம்பளையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. சார்ஜெண்டாம். பேரு மெர்சர். துணி வாங்க வந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போவாளாம். "உன் வயசு இருக்கும் பேச்சி, ரெண்டு பிள்ளைங்க"ன்னாரு. என் வயசுன்னு எதுக்குக் கணக்குப் பாக்கணும்? ஒரு வாரம் நான் சரியா மொகம் குடுத்துப் பேசல. அப்புறமும் விடல அவரு. அந்தப் பொம்பளை வீட்டுலயும் இதே சண்டையாம். அவளோட அண்ணன் அவகூடப் பேசுறதில்லையாம், நீ எதுக்கு இந்தச் சண்டைக்குப் போறேன்னு. அவங்க நாட்டுலயே பாதிப் பேரு போகணும்கிறான், பாதிப் பேரு திரும்பி வரணும்கிறானாம். இவரு தனக்குத் தெரிஞ்ச ரெண்டு இங்கிலீசு வார்த்தையை வைச்சு, "மை ஒய்ஃப் பிரதர், சேம்"னு சொன்னாராம். ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம். இங்க நான் கெடந்து சாகுறேன், அங்க சிரிப்பு.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் எதையாவது முக்கியமாப் பேச ஆரம்பிச்சா, அங்க சங்கு ஊதிரும். "சங்கு ஊதுது பேச்சி, வைச்சிர்றேன்." அவ்வளவுதான். டொக். வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தணும், பேசலாம்னா சங்கு. சுகந்தியைக் காலேஜுல சேக்கவா மில்லுல சேக்கவான்னா சங்கு. எனக்கும் போன்ல கேக்கும், ஊய்ங்னு எழும்பி எழும்பி. அங்கயும் ஷிப்டு இருக்கு போலன்னு நெனைச்சேன். சங்குன்னா எனக்கு வேற என்ன தங்கச்சி? முப்பது வருசமா சங்குன்னா ஷிப்டு. ஷிப்டுக்கு ரெண்டு நிமிசம் லேட்டாப் போனா என்ன, தலையவா எடுத்துருவான்? எங்க மேஸ்திரியே அஞ்சு நிமிசம் விடுவாரு. இந்த மனுசன் வீட்டுப் பேச்சுன்னா மட்டும் சங்கைச் சாக்கு வைச்சு ஓடுறாருன்னு எனக்கு உள்ளுக்குள்ள பொங்கிக்கிட்டே இருந்துச்சு.

அன்னிக்கு அண்ணன் மறுபடியும் டீக்கடையில ஏதோ சொல்லி, ஒருத்தி மில்லு வாசல்லயே என்னைப் பாத்துக் கேட்டுட்டா. "ஏக்கா, ரத்தம் போக நீங்க என்ன சோப்பு போடுறீங்க?"ன்னு. எல்லாரும் இருக்கையில. நான் வீட்டுக்கு வந்து போனைக் கையில வைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவரு கூப்பிட்டாரு.

"நீங்க ரத்தத் துணி தொவைக்கிறீங்களா இல்லையா? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"என்ன பேச்சி திடீர்னு..."

சொல்லி வாய் மூடல. அங்க சங்கு.

"பேச்சி, சங்கு ஊதுது. அப்புறமாப் பேசுறேன்."

"சங்கு ஊதினா ஊதட்டும். இன்னிக்கு வைச்சீங்க, அப்புறம் எனக்குப் போனே பண்ண வேண்டாம். நானும் இல்ல, உங்க மகளும் இல்ல."

அப்படித்தான் சொன்னேன். கோவத்துல எல்லாரும் சொல்றதுதானே? நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னதே இல்லையா? ...அப்பச் சரி.

அவரு வைக்கல. "சரி, சொல்லு"ன்னாரு. கல்யாணமாகி அத்தனை வருசத்துல என் பேச்சைக் கேட்டு நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான். எனக்கு ஒரு பக்கம் சந்தோசங்கூட. நான் விடல. அண்ணன் சொன்னது, தெருக்காரங்க சொன்னது, மைதீன்பாத்து எந்திரிச்சுப் போனது, எல்லாத்தையும் கொட்டுனேன். பின்னாடி சங்கு ஊதிக்கிட்டே இருந்துச்சு. "தொவைக்கிறீங்களா இல்லையா?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். "இல்ல பேச்சி. அழுக்குத் துணிதான். வெறும் அழுக்குத் துணிதான்"னாரு. மூச்சு வாங்குச்சு. யாரோ ஒரு பொம்பளை கத்துற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. "யாருங்க அது, அவளா?"ன்னேன்.

அப்பத்தான் அந்தச் சத்தம். லாரியில இருந்து தகரத்தை மொத்தமாக் கொட்டுன மாதிரி.

எட்டு நாளு போன் இல்ல. எட்டு நாளு நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? கோவிச்சுக்கிட்டாருன்னு நெனைச்சேன். ரோசத்தைப் பாருன்னு நெனைச்சேன். ஒன்பதாம் நாளு எவன் போன்ல இருந்தோ கூப்பிட்டாரு, தொண்டை கிழியக் கத்துனாரு. "எதுக்குக் கத்துறீங்க, நான் என்ன செவிடா?"ன்னேன். அவருக்குத்தான் எடது காது போயிருச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. சொல்லணும்ல? ஒரு வார்த்தை சொன்னாரா?

அதுக்கப்புறமும் அங்கயே இருந்தாரு. அமெரிக்காக்காரங்க கொஞ்சங் கொஞ்சமாக் கெளம்ப ஆரம்பிச்சதும் இவங்களையும் கொறைச்சு அனுப்பிட்டாங்க. வந்து எறங்குன அன்னிக்கு அண்ணன் தெரு முக்குல நின்னு கேட்டாரு, "என்ன மாப்பிள்ளை, உங்க மொதலாளி ஜெயிச்சானா தோத்தானா?"ன்னு. நக்கல்தான். இவரு ரொம்ப யோசிச்சு, "துணி கொறைஞ்சிருச்சு மச்சான்"னாரு.

பெட்டியில அவரு கொண்டாந்தது ஒரு சோப்பு டப்பா, சுகந்திக்கு ஒரு கைக்கடிகாரம், அப்புறம் இந்த வலைப் பை. வெறும் பை. ஓரத்துல ஒரு துணி தைச்சு இங்கிலீசுல பேரு, நம்பரு. எனக்கு என்ன தெரியும்? நல்ல கெட்டி நைலான். காத்தோட்டமா இருக்கு. நான் அதுல சின்ன வெங்காயத்தைப் போட்டு அடுப்படி ஆணியில மாட்டுனேன். ஒரு வெங்காயம் அழுகல தெரியுமா? அத்தனை அருமையான பை. அவரு அடுப்படிக்குள்ள வர்ற ஆளில்ல. அதனால ரொம்ப நாளு பாக்கல.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தண்ணி குடிக்க வந்தவரு பாத்துட்டாரு. பையை எறக்கி, தலைகீழாக் கொட்டிட்டாரு. ஆறு கிலோ வெங்காயம் தரையெல்லாம் உருளுது. நான் கத்துனேன். "ஒரு ஓட்டைப் பைக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? நீங்க செத்தா என் சேலையையும் இப்படித்தான் கொட்டுவீங்களா?"ன்னு என்னென்னமோ வாயில வந்தபடி. அவரு அந்தப் பேரு தைச்ச துணியைப் பெருவெரலால தேச்சுக்கிட்டே இருந்தாரு. சுகந்தி எட்டிப் பாத்துப் படிச்சா. "மெர்சர்னு போட்டிருக்கும்மா."

அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. கத்தல. சாதாரணமா, கூலி கணக்குச் சொல்ற மாதிரிச் சொன்னாரு.

"அன்னிக்கு ஒன்கூடப் பேசிக்கிட்டு வெளிய நின்னேன்ல. கொட்டகைக்குள்ள டவர் கெடைக்காது. சங்கு ஊதினா முப்பது எண்றதுக்குள்ள பதுங்குற காங்கிரீட் குழாய்க்குள்ள போயிரணும். எல்லாரும் போயிட்டாங்க. இந்தம்மா உள்ள இருந்து பாத்துருக்கு, நான் போனோட நிக்கிறதை. ஓடி வந்துச்சு. என் சட்டையைப் பிடிச்சுக் கீழ தள்ளி மேல விழுந்துச்சு, எந்திரிக்கல. பை மறுநாளு வாங்க வேண்டிய பை."

இவ்வளவுதான் சொன்னாரு.

நான் கேக்குறேன் தங்கச்சி, இதைச் சொல்றதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? இத்தனை வருசம் கழிச்சு, வெங்காயம் தரையில கெடக்கையிலயா சொல்றது? மொதல்லயே 'சங்கு'ன்னு சொல்லாம 'குண்டு'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பிடிச்சு வைச்சிருப்பேனா? நான் பயந்துருவேன்னு சொல்லலையாம். சுகந்திகிட்டச் சொல்லியிருக்காரு. நான் பயப்படுறவளா? இப்பப் பாருங்க, நீங்க கையைப் பிடிக்கிறீங்க. விடுங்க, பை சரியுது.

அந்தப் பொம்பளைதான் எதுக்கு ஓடி வரணும்? ரெண்டு பிள்ளைங்களை வைச்சுக்கிட்டு, எவனோ ஒருத்தன், துணி தொவைக்கிறவன், நின்னா நிக்கட்டும்னு இருக்க வேண்டியதுதானே? நான் சொன்னேனா அவளை ஓடி வரச் சொல்லி?

நான் வெங்காயத்தை எல்லாம் பொறுக்குனேன். பொறுக்கி, அவரு கையில இருந்த பையைப் பிடுங்கி, அதுலயே திருப்பிப் போட்டு, ஆணியில மாட்டிட்டேன். எதுக்கு அப்படிப் பண்ணுனேன்னு கேக்காதீங்க. எனக்கும் கையில வேற வேலை இல்ல அப்ப. மூணு மணிச் சங்கு ஊதுச்சு. அவரு அடுப்படித் தரையிலயே குப்புற விழுந்தாரு. மறுநாளு காலையில ஆளைக் காணோம். ஊருல எல்லார்கிட்டயும் சங்குச் சத்தம் தாங்காமப் போயிட்டாருன்னு சொல்லியிருக்கேன். அதுதானே நெசம்? வேற எதுக்குப் போவாரு?

அண்ணன் ஒரு வேலை பண்ணுனாரு பாருங்க. ரத்தச் சோறுன்னு பேசுன அதே அண்ணன். மில் மானேஜர்கிட்டப் போயி, புதன்கிழமை ஒன்பது மணிக்கு மட்டும் சங்கை நிப்பாட்டுங்க, எங்க தங்கச்சி மாப்பிள்ளை சபையில ஒக்காரணும்னு கேட்டிருக்காரு. "முப்பது வருசமா நிக்காத சங்கு ஒரு ஆளுக்காக நிக்குமாய்யா"ன்னு அனுப்பிட்டாராம். எனக்கு மானமே போச்சு. ஊர் பூராவும் தெரிஞ்சுபோச்சு. ஆனா, அண்ணன் வந்து சொல்லும்போது அவரு கண்ணு செவந்திருந்துச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல.

அதுக்குத்தான் இந்தப் பஞ்சு. நல்ல நீளப் பஞ்சு, மில்லுல கேட்டு வாங்குனேன். ஒன்பதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில எங்க வீட்டுக்காரரு கேக்குற காதுல அடைச்சு விட்டுருவேன். ஒரு காதுதானே, சுளுவு. சங்கு கேக்காது. நீங்க சொல்றது சரிதான், ஓலை வாசிக்கிறதும் கேக்காதுதான். அதுக்கென்ன? நான் பின்னாடி நின்னு முதுகைத் தொடுவேன். தொட்டதும் 'சம்மதம்'னு சொல்லிட்டாப் போதும். தன் மக பேரைச் சபையில வாசிக்கிறதை ஒரு அப்பன் கேட்டுத்தான் ஆகணுமா? ...கேக்கணும்தான். நான் வேற என்ன செய்ய?

சுகந்திகிட்டப் போன்ல சொல்லியிருக்காரு: "நான் வர்றேன்மா. கண்டிப்பா வர்றேன். அம்மாகிட்ட அந்தப் பையை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லு." அவ்வளவுதான் கேட்டிருக்காரு. வேட்டி கேக்கல, சட்டை கேக்கல. அந்தம்மா பிள்ளைங்களுக்கு அனுப்பணுமாம். விலாசம் எங்க இருந்து பிடிச்சாரோ. என்கிட்ட நேரா ஒண்ணும் பேசல. நான் போனை வாங்கி, "என்னங்க"ன்னேன். நான்தான் மொதல்ல வைச்சேன். இப்பல்லாம் நான்தான் மொதல்ல வைக்கிறது. அவரு பக்கம் ஒரு சைக்கிள் மணி கேட்டாக்கூட வைச்சிருவேன்.

ஆண்டிபட்டி வந்துருச்சா? அதுக்குள்ளயா?

தங்கச்சி, ஒரு ஒத்தாசை. இந்தாங்க, இந்த வலைப் பையைக் கொஞ்சம் மோந்து பாருங்க. கூச்சப்படாதீங்க. மூணு தடவை அலசிட்டேன். கம்ஃபோர்ட் போட்டு ஒரு தடவை. எனக்கு மூக்கு மரத்துப் போச்சு, ரெண்டு நாளா மோந்து மோந்து ஒண்ணும் தெரியல. வெங்காய வாடை அடிக்குதா?

உண்மையைச் சொல்லுங்க. என் மொகத்தைப் பாத்துச் சொல்லாதீங்க, மோந்து பாத்துச் சொல்லுங்க.

அடிக்குதுல்ல.

தெரியும். எனக்குத் தெரியும். பிளீச்சிங் வேலை பாத்த மனுசன் அவரு, கையில வாங்குன ஒடனே கண்டுபிடிச்சிருவாரு. இதையா அந்தப் பிள்ளைங்களுக்கு அனுப்புறது? அவங்க அம்மா பையின்னு எடுத்து மொகத்துல வைச்சுப் பாக்க மாட்டாங்களா பிள்ளைங்க? வைப்பாங்க. நான் வைப்பேன்.

கண்டக்டரய்யா! இங்கயே, அந்தப் பம்பு செட்டுகிட்ட நிப்பாட்டுங்க. ஆமா, மாந்தோப்புக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். பரவாயில்ல, நான் நடந்துக்கிறேன். அப்புறம் டிரைவர்கிட்டச் சொல்லுங்க, அந்தத் தோப்புத் திருப்பத்துல ஆரன் அடிக்க வேண்டாம்னு. சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்.

தண்ணி நல்லா விழுது பாருங்க. நைலான்தானே, கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாக் காத்துலயே காஞ்சிரும்.

எங்க வகையில யாரும்... அதை விடுங்க. பிள்ளைக்காரி நீங்க, பையில சோப்பு வைச்சிருப்பீங்களே தங்கச்சி, ஒரு துண்டு குடுங்க.